மணியத்துக்கு ஒரு பிடி அரிசி

லாலான் புல்லை அடியும் நுனியும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தன அந்தக் கைகள். நுனிகளெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் கட்டு ஒரு முனையில் தடித்து, மறுமுனையில் சூம்பிப்போகும். ஒரு பிடி சேர்ந்ததும் தென்னங்கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கவ்வி இழுத்து முடிச்சுப் போட்டன. இரண்டு நாள் வெயிலில் வாட்டிய புல். பச்சையாகக் கட்டினால் காய்ந்ததும் கட்டுத் தளரும். அதிகம் காய்ந்துவிட்டால் ஒடியும். நகங்களைச் சுற்றி ரப்பர்ப் பாலின் கறை கறுத்துப் படிந்திருந்தது. புல்லின் விளிம்பு உள்ளங்கையைக் கீறியது. கைகள் நிற்கவில்லை.

“பஞ்சால, ஒரு காலு நீட்டமா இருக்கு பாரு,” என்றார் பாயில் படுத்திருந்த கிழவர்.

“இல்லப்பா. நூல் புடிச்சுத்தான் கட்டினேன். நீங்க சாஞ்சுக்கிட்டுப் பாக்குறீங்க, அதான்.”

“சாஞ்சுக்கிட்டுப் பாத்தா காலு வளருமா?”

“உங்க கண்ணுக்கு வளரும்.”

இராஜமாணிக்கம் சிரிக்கப் பார்த்தார். இருமல் முந்திக்கொண்டது. பஞ்சாலை எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். அப்பா சொல்லிவிட்டாரே என்று இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து ஒருமுறை பார்த்தாள். சரியாகத்தான் இருந்தன.

அவள் கட்டிக்கொண்டிருந்தது தன் தம்பி மணியத்தை. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த மாசி மாதத்தில், அவன் வேலை செய்த கப்பல் குண்டு பட்டு மூழ்கியது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்காகப் பன்னிரண்டு வருஷம் பார்த்திருந்துவிட்டு, புல்லால் ஓர் உடல் கட்டி, அதன் வாயில் அரிசி போட்டு, கொள்ளி வைத்துச் சாம்பலைக் கரைப்பது அவர்கள் வழக்கம். தர்ப்பையால் கட்ட வேண்டும் என்பார்கள். மலாயாவில் லாபு ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தர்ப்பைக்கு எங்கே போவது? ரயில் பாதை ஓரத்தில் லாலான் வேண்டிய மட்டும் கிடந்தது. மறுநாள் மாசி அமாவாசை. பன்னிரண்டு வருஷம் முடிந்திருந்தது.

உயரம் எவ்வளவு என்பதுதான் அவளை ஒரு வாரம் அலைக்கழித்தது. பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், கதவு நிலையில் மணியம் கரியால் கோடு போட்டு வைத்திருந்தான். அந்த லயம் இப்போது இல்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாமல் தடுப்பதற்காக, மூன்று வருஷத்துக்கு முன் தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் இடித்து, எல்லாரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். நிலையும் கோடும் யார் அடுப்பிலோ விறகாகிவிட்டன.

கடைசியில் ஒரு மரம் நினைவுக்கு வந்தது. மணியத்துக்குப் பதினாறு வயதாகும்போது ஏழாம் நம்பர் ரப்பர்க் காட்டில் அவனுக்குப் பால் வெட்ட ஒரு நிரை மரம் கொடுத்திருந்தார்கள். பட்டையை மட்டும் சீவ வேண்டிய இடத்தில் அவன் கத்தி மரம் வரைக்கும் இறங்கிவிட்டது. “பால் எடுக்கச் சொன்னா ரத்தம் எடுக்கறியாடா!” என்று மண்டோர், வேலை வாங்கும் கங்காணி, மரத்தடியிலேயே அவனை அறைந்தார். அந்த வெட்டு சரியாக அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. பால்மரம் வெட்டுகிற யாருக்கும் தெரியும், மரம் பருக்கும், உச்சி உயரும், ஆனால் பட்டையில் விழுந்த காயம் விழுந்த இடத்தைவிட்டு ஏறாது. பஞ்சாலை போய்ப் பார்த்தாள். காயம் உதடுபோல் தடித்து மூடிக் கிடந்தது. அங்கிருந்து தரைக்கு நூல் பிடித்தாள். தன் நெஞ்சிலிருந்து தன் தலை எவ்வளவு என்று பார்த்து அதைச் சேர்த்தாள். அதன் பிறகு மூன்று வருஷம் வளர்ந்திருப்பானே என்று நான்கு விரல் கூட்டி நூலை அறுத்தாள்.

மணியத்தின் உடம்பை அளப்பது அவளுக்குப் புதிது இல்லை. அவன் பிறந்த நாற்பதாம் நாள் அவர்கள் அம்மா செல்லம் ஜுரத்தில் போய்விட்டாள். பஞ்சாலைக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரசவம் பார்த்த மாரியம்மா பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்து, “கழுத்து இன்னும் நிக்கல. கீழ கை குடுத்துப் புடி,” என்றாள். அன்றையிலிருந்து அவன் அவள் கையில்தான் வளர்ந்தான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்ததும் இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் சேலைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு, பக்கத்து மரங்களை முதலில் வெட்டுவாள். அழுதால் காதில் விழ வேண்டும். பத்தொன்பது வயதில் கணேசமூர்த்தியைக் கட்டிக்கொண்டபோதும், “தம்பி எங்கூடத்தான் இருப்பான்,” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கணேசமூர்த்தி நல்ல மனிதர். “பொண்ணோட ஒரு மச்சான் இலவசம்னு சொல்லு,” என்றார்.

மரம் வெட்டும் வேலை மணியத்துக்கு வரவில்லை. மண்டோரின் அடி வந்தது. தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்தவரின் தம்பி அப்துல் மஜீத், கரையோரக் கப்பல் ஒன்றில் பண்டாரி, அதாவது சமையல்காரர். லீவில் வந்தவர் மணியத்திடம், “கப்பலுக்குக் கலாசி வேணும். மூணு வேளை சோறு. மண்டோர் கிடையாது,” என்றார். மணியத்துக்குச் சோற்றைவிட இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. வயது வராதவன் என்பதால் வீட்டில் ஒருவர் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. இராஜமாணிக்கம், “கடல் தண்ணி வேணாம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பஞ்சாலைதான் வைத்தாள்.

கிளம்புவதற்கு முன் வெள்ளைத் துணி வாங்கி ஒரு சட்டை கையாலேயே தைத்துக் கொடுத்தாள். முதல்நாள் துவைத்துப் போட்டாள். விடிய விடிய மழை. காலையில் சட்டை ஈரமாகவே கொடியில் தொங்கியது.

“வச்சிருக்கா. அடுத்த தடவ வரும்போது போட்டுக்கறேன்,” என்றான் மணியம்.

அடுத்த தடவை அவன் வரவில்லை. இரண்டு கடிதம் வந்தன. தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி ராமகிருஷ்ணன் படித்துக் காட்டினார். இரண்டிலும் சோறு நேரத்துக்குக் கிடைக்கிறது என்றுதான் முதல் வரி.

ஜப்பான் காலத்தில் துணியே இல்லை. பெண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அந்தச் சட்டைக்கு ஒருவன் பத்துக் கட்டி எடை மரவள்ளிக் கிழங்கு தருவதாகச் சொன்னான். பஞ்சாலை கொடுக்கவில்லை. இராஜமாணிக்கத்தையும் கணேசமூர்த்தியையும் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது அப்பா மட்டும். “என் கையாலதான் மண்ணத் தள்ளினேன் ஆயி,” என்றார். அன்று மாலையே அவள் தாலியைக் கழற்றினாள். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பார்த்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். கேட்க என்ன இருந்தது?

மணியத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

சண்டை முடிந்த மறு வருஷம் அப்துல் மஜீத் வந்தார். இடது காது கேட்காமல் போயிருந்தது. பழைய லயத்தின் வாசலில் நின்றுகொண்டே சொன்னார். பங்கா தீவுப் பக்கம் பகல் சாப்பாட்டு நேரத்தில் விமானங்கள் வந்தன. கப்பல் போய்விட்டது. அவரும் மணியமும் ஒரே பலகையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். இருட்டியது. அமாவாசை இருட்டு, கை தெரியவில்லை. ரொம்ப நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். விடிந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

“தூங்கிட்டீங்களா?” என்று கேட்டாள் பஞ்சாலை.

“தெரியல அக்கா.”

அவராகவே இன்னொன்றும் சொன்னார். விமானம் வருவதற்கு முன் மணியம் தட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கயிறு சுற்றும் வேலை பாக்கி இருந்தது. “மொதல்ல அத முடிச்சிட்டு வாடா, சோறு எங்க ஓடப்போவுது,” என்று சொல்லி மஜீத்தான் அவனைத் திருப்பி அனுப்பினார். தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்.

பஞ்சாலை அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மஜீத் போர்ட் டிக்சனில் சாப்பாட்டுக் கடை வைத்தார். வருஷத்துக்கு ஒருமுறை மாசியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்தத் தட்டைப் பற்றி இரண்டு பேரும் அப்புறம் பேசியதில்லை.

வெளியில் அடுத்த பிறவிக்கும் காத்திருப்பவள்போல் அவள் நடந்துகொண்டாள். அடையாள அட்டைக்காக வீட்டில் யார் யார் என்று கேட்டு வந்தபோது மணியத்தின் பெயரையும் கொடுத்தாள். எங்கே இருக்கிறான் என்றார்கள். கடலில் என்றாள். இரண்டு வருஷம் கழித்து அது வினையாக வந்தது. போலீஸ் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய், “தம்பி எந்தக் காட்டில் இருக்கான்?” என்று ஒரு பகல் முழுக்கக் கேட்டது. காணாமல் போன இளைஞன் என்றால் அவர்களுக்கு ஒரே இடம்தான் தெரியும். கிராணி போய்ப் பேசி அழைத்து வந்தார்.

முள்வேலிக்குள் வந்த பிறகு அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. அவன் வந்தால் பழைய லயத்தைத் தேடுவான். லயம் இருக்காது. விளக்கு தெரிகிற பக்கம் நடந்து வருவான். அட்டை இல்லாத ஆள் பொழுது சாய்ந்து வேலியோரம் வந்தால் சுடுவார்கள். அதனால் கேட்டுக்குக் காவல் மாறிப் புது ஆள் வரும்போதெல்லாம் போய், “ஒசரமா ஒருத்தன் மணியம்னு சொல்லிக்கிட்டு வந்தான்னா சுட்டுறாதீங்க தம்பி, எங்க வீடு அந்தக் கோடி,” என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி வைப்பாள். காவல்காரர்கள் சிரிப்பார்கள், சிலர் தலையாட்டுவார்கள். மூன்று வருஷம் ஒருவரையும் விடாமல் சொன்னாள்.

போன தை மாதம் இரண்டு புது ஆட்கள் வந்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர்களைக் கடந்துதான் போனாள். நாலாம் நாள், வாளியைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அவர்களிடம் தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மறந்திருந்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அப்பா இருமிக்கொண்டு கிடந்தார்.

“மாசியில செஞ்சிடலாம்பா,” என்றாள்.

பன்னிரண்டு முடிந்ததும் செய்துவிட வேண்டும் என்று எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பிக்காக அவள் வேண்டியது ஒன்றுதான். பசியோடு போனவன் வாயில், அவள் அடுப்படியில் இருக்கிற அரிசியில் ஒரு பிடி விழ வேண்டும். கடை அரிசி வேண்டாம், யார் கொடுத்ததும் வேண்டாம். வாரா வாரம் அளந்து கொடுக்கும் அரிசியிலிருந்து ஒரு மாதமாகச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் பழைய தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள்.

உடம்பு கட்டி முடிந்தது. தலைக்குத் தேங்காய்தான் வைக்க வேண்டும். தேங்காயும் தின்கிற பொருள், கேட்டைத் தாண்டாது. அதனால் வெள்ளைத் துணியில் இலவம்பஞ்சு அடைத்துத் தலை செய்தாள். கண்ணும் மூக்கும் கறுப்பு நூலில் தைத்தாள். வாயை மட்டும் திறந்து வைத்தாள். சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மாட்டினாள். பதினான்கு வருஷமாக மடிந்திருந்த கோடுகள் நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. டப்பாவைத் திறந்து, அரிசியை அந்த வாயில் போட்டு, விரலால் உள்ளே தள்ளி, உதட்டைத் தைத்து மூடினாள்.

அதை ஒளித்து வைப்பதாக அவள் நினைக்கவே இல்லை. செத்தவன் வாயில் போட்ட அரிசியை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

கேட்டைத் தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டை கிராணி ராமகிருஷ்ணன் துரையிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்தார். போர்ட் டிக்சன் கடற்கரை வரைக்கும் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும்.

“என்னன்னு எழுதியிருக்கு ஐயா?”

“ஆள் ஒண்ணு, பொம்மை ஒண்ணு. சாப்பாட்டுச் சாமான் இல்லன்னு எழுதியிருக்கும்மா.”

“ஆள் ரெண்டுன்னு எழுதக்கூடாதா ஐயா?”

கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அட்டை கேப்பாங்கம்மா,” என்றார்.

காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே மஜீத் ஒரு சின்ன லாரியுடன் வந்து நின்றார். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பஞ்சாலை வரக்கூடியது கேட்டு வரைக்கும்தான். அப்பா தடியை ஊன்றி முன்னால் நடந்தார். மணியத்தை அவள் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தாள். கூட நாலைந்து பெண்கள் வந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

கேட்டில் எப்போதும் இரண்டு வரிசை. ஆண்களைக் காவல்காரர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஐந்தாம் லயத்து வள்ளிநாயகியை வேலைக்கு வைத்திருந்தார்கள். பஞ்சாலையும் அவளும் ஒரே வருஷம் கத்தி பிடித்தவர்கள்.

வள்ளிநாயகி பொம்மையையும் அதன் சட்டையையும் பார்த்தாள். “ஆம்பளைய நான் தொடக்கூடாதேடி. அந்த வரிசைக்கு அனுப்பு.”

காவல்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செத்தவர் உருவத்தைத் தொட அவர்களுக்கு மனமில்லை. தலைமைக் காவலர், எல்லாரும் கோப்பரல் என்று கூப்பிடும் மலாய்க்காரர், நீயே பார் என்று வள்ளிநாயகிக்குச் சைகை காட்டினார்.

“நம்ம மணியத்துக்கு என்ன கூச்சம், நான் தூக்காத புள்ளையா,” என்று சொல்லிக்கொண்டே அவள் கால், இடுப்பு, கை என்று அழுத்திக்கொண்டு வந்தாள். தலைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. கன்னத்தில் மறுபடி அழுத்தினாள். பஞ்சுக்குள் மணல்போல் ஏதோ நறநறத்தது.

“அடிப்பாவி,” என்றாள் மெதுவாக. “எடுத்துருடி. கொல்லையில போய் எடுத்துட்டு வா. நான் ஒண்ணும் பாக்கல.”

“வாய்க்குள்ள போட்டதத் தோண்டி எடுக்கச் சொல்றியா வள்ளி?”

“ஏண்டி கத்தற?”

கோப்பரல் வந்துவிட்டார். அவரே தலையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. “பெராஸ்,” என்றார். அரிசிக்கு மலாயில் அந்தச் சொல். வேலிக்குள் வந்த மூன்று வருஷத்தில் எல்லார் காதிலும் அதிகம் விழுந்த சொல்லும் அதுதான். “பெராஸ் வெளிய தா போலே!” போகக்கூடாது.

ஓர் இளம் காவல்காரன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். காணாமல் போன தம்பி, ஆள் உயரப் பொம்மை, அதன் வாயில் ஒளித்த அரிசி. ஜீப்பில் ஏறிப் போன அந்தப் பகல் பஞ்சாலைக்கு நினைவு வந்தது. அவளைக் கொண்டுபோனால் பரவாயில்லை. சோதித்தது வள்ளிநாயகி, சீட்டு வாங்கித் தந்தது கிராணி; அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு அருகில் வந்தார்.

“எடுத்துரு ஆயி,” என்றார் இராஜமாணிக்கம். “இந்த மாசிய விட்டா நான் அடுத்த மாசிக்கு இருக்க மாட்டேன்.”

வேலிக்கு வெளியே இருந்து மஜீத் குரல் கொடுத்தார். “அக்கா, அரிசிக்கு என்ன, எங்கடையில இருக்கு. அப்பா கையில நான் அள்ளித் தரேன்.”

“உங்க சோறு அன்னிக்கே அவனுக்குக் கெடைக்கல பாய்!”

சொல்லிவிட்டாள். எட்டு வருஷமாக நாக்குக்கு அடியில் கிடந்த பேச்சு. மஜீத்தின் கேட்கிற காது அவள் பக்கம்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு லாரியின் சக்கரத்தைப் பார்த்தார்.

கேட்டு ஓரத்தில் மூன்று கல்லை வைத்துக் காவல்காரர்கள் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்திருந்தார்கள். கெட்டிலின் மூடி தடதடத்தது. பஞ்சாலை அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கோப்பரல்,” என்றாள். பாதி மலாயும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். “திங்கிற அரிசிதானே தா போலே? கருக்கிட்டா? கரியாப் போனா யாரு திம்பா?”

வள்ளிநாயகி அதையே நல்ல மலாயில் திருப்பிச் சொன்னாள். கோப்பரல் வெகுநேரம் பொம்மையைப் பார்த்தார். அப்புறம் கிழவரைப் பார்த்தார். கெட்டிலை நெருப்பிலிருந்து இறக்கச் சொன்னார்.

கூட வந்த பெண்களில் ஒருத்தி ஓடிப்போய் வீட்டிலிருந்து தகர டப்பாவையும் ஊசி நூலையும் கொண்டுவந்தாள். பஞ்சாலை தரையில் உட்கார்ந்து மணியத்தை மடியில் போட்டுக்கொண்டாள். உதட்டில் போட்ட தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தாள். வாயைச் சாய்த்ததும் அரிசி தகர டப்பாவில் விழுந்தது. பஞ்சில் ஒட்டியிருந்த மணிகளை இரண்டு விரலால் பொறுக்கினாள். ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது என்று கோப்பரல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட வெளியே விழக்கூடாது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவை நெருப்பில் வைத்துக் குச்சியால் கிளறினாள். அரிசி முதலில் வெளுத்தது. பிறகு பொன்னிறமாகிப் படபடவென்று பொரிந்தது. நல்ல வாசனை எழுந்தது. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பஞ்சாலை நிமிர்ந்து கோப்பரலைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். பொரியும் சாப்பாடுதான்.

இன்னும் கிளறினாள். வாசனை கசந்தது. புகை கண்ணைக் கரித்தது. ஒரு மாதமாகச் சேர்த்த அரிசி, ஒரு மணியும் வெள்ளை இல்லாமல், கொறுகொறுவென்று கறுத்துப்போனது. கோப்பரல் ஒன்றை எடுத்துக் கடித்தார். திரும்பிக்கொண்டு துப்பினார்.

“போலே,” என்றார். போகலாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கேட்டைத் திறந்தார்கள். பஞ்சாலை மணியத்தை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, திறந்த இடத்தில், எல்லைக்கு உள்ளேயே நின்றாள். டப்பாவை வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

“பாய். நீங்க போடுங்க.”

மஜீத் நிமிர்ந்தார். “நானா அக்கா? அப்பா இருக்காங்க...”

“அப்பா அங்க வந்து போடுவாங்க. சோறு பரிமாற வேண்டியவர் நீங்கதானே? அன்னிக்கு மூடி வச்சதுதான் இது. ஆறிப்போச்சு, அவ்வளவுதான்.”

மஜீத் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு சிட்டிகை எடுத்து அந்த வாயில் வைத்தார். இன்னொரு சிட்டிகை. அவர் உதடு ஏதோ சொன்னது, கேட்கவில்லை. மிச்சத்தை அப்பாவுக்காகத் துணியில் முடிந்து லாரியில் வைத்தார். பொம்மைக்குப் பக்கத்தில் அவர் நின்றபோது பஞ்சாலை உயரத்தைப் பார்த்தாள்.

“சரியா இருக்கா பாய்?”

“எந்தலைக்கு மேல நாலு வெரலு. இப்படித்தான் இருந்தான் அக்கா. இதே ஒசரம்.”

அவள் ஊசியில் நூல் கோத்தாள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை ஏற்றி உதட்டைத் தைத்தாள். ஆறு தையல். கடைசித் தையலில் முடிச்சுப் போட்டு நூலைக் கடித்து அறுத்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். மேல் பொத்தான் கழன்றிருந்தது, மாட்டினாள்.

இராஜமாணிக்கம் தடியை லாரியில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். பஞ்சாலை தூக்கிக் கொடுத்தாள். புல்லுடம்பு கனமில்லை, பஞ்சுத் தலை மட்டும் பின்னால் தொங்கியது. அவள் அப்பாவின் வலது கையை எடுத்துக் கழுத்துக்குக் கீழே சரியாக வைத்துவிட்டு, தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.